கடாரத்து மந்திரக் குடிகள்

கெடா மாநிலத்தின் உட்பகுதியில், தாய்லாந்து எல்லைக்கு அண்மையில், சுண்ணாம்புக்கல் மலையொன்றின் அடியில் பாலிங் என்னும் ஊர் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் துங்கு அப்துல் ரகுமானும் டேவிட் மார்ஷலும் டான் செங் லோக்கும் சின் பெங்கைச் சந்தித்துப் பேசிய ஊர் அது. அந்த இரண்டு நாள்களிலே உலகச் செய்தித்தாள்கள் பலவும் அதன் பெயரைப் பெரிதாக அச்சிட்டன. உள்ளூர் மக்களுக்கோ அவ்வூரின் பெருமை அதனினும் பழையது. மலாய் மொழியில் 'பாலிங்' என்றால் வீசி எறிதல் என்று பொருள். கோரைப்பல் முளைத்த அரசன் ஒருவன் தன் பல்லைப் பிடுங்கி வீசிய இடம் அது என்று முதியோர் சொல்லுவர். பல் போய் விழுந்த இடம் சியோங் என்னும் சிற்றூராயிற்றாம். 'சியோங்' என்றால் கோரைப்பல்.

பாடாங் மேஹா, பாடாங் செராய், கூலிம் ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்ந்த தமிழ் மக்களுக்கும் இக்கதை புதிதன்று. ஆயினும் பலர் இதனைக் குழந்தைகளை உறங்க வைக்கும் கதையென்றே கருதி விட்டுவிடுகின்றனர். அவ்வாறு விடத்தக்கதன்று இக்கதை. கெடாவின் பழங்குடி ஒன்றைப் பற்றிய நினைவு இதனுள்ளே புதைந்து கிடக்கிறது. மனிதன் தன் அண்டைவீட்டானை எப்படிப் பூதமாக்குகிறான் என்னும் பாடமும் இதில் இருக்கிறது.

கெர்காசிகளின் நாடு

கோரைப்பல் அரசனின் கதையை எழுத்தில் தருவது 'ஹிகாயாட் மெரோங் மகாவங்சா' என்னும் மலாய் நூல். கெடா அரச மரபின் தோற்றத்தைக் கூறுவது இது. பினாங்கை அடுத்த புரொவின்ஸ் வெல்லெஸ்லியில் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் லோ என்பவர் 1849ஆம் ஆண்டில் இதனை ஆங்கிலத்தில் வெளியிட்டார். வரலாற்று நூல் என்று பெயர் பெற்றாலும், இதில் கருடன் பறக்கிறான். சுலைமான் நபியோடு வாதிடுகிறான். உரோம நாட்டு இளவரசனுக்கும் சீன நாட்டு இளவரசிக்கும் நடக்கவிருக்கும் திருமணத்தைத் தடுக்க முயல்கிறான். கருடன் கப்பல்களைத் தாக்கியபோது உடன் வந்த மெரோங் மகாவங்சா என்னும் தலைவன் தப்பி, கெடாக் கரையில் இறங்குகிறான். அக்கரை ஆளில்லாத கரையன்று. அங்கே கெர்காசிகள் வாழ்ந்து கொண்டிருந்தனர்.

கெர்காசி என்னும் மலாய்ச் சொல்லுக்கு அரக்கன், பூதம் என்று பொருள் கூறுவர். மெரோங் மகாவங்சா அவர்கள் நாட்டிலே கோட்டை கட்டி, லங்காசுகா என்று பெயரிட்டு ஆளத் தொடங்கினான். அவன் மரபில் வந்தவனே கோரைப்பல் அரசன், ராஜா பெர்சியோங். அவன் தாய்வழியில் கெர்காசிக் குருதி உடையவன். ஒருநாள் சமையற்காரன் கீரை நறுக்கும்போது விரலை வெட்டிக் கொண்டான். அவன் குருதி கறியில் கலந்தது. அதனை உண்ட அரசன் அச்சுவைக்கு அடிமையாகி, நாள்தோறும் மனிதக் குருதி வேண்டுமென்றான். முதலில் குற்றவாளிகள் மடிந்தனர். பின்பு குற்றமற்றோரும் மடிந்தனர். அமைச்சர்கள் எதிர்த்தெழுந்தனர். அரசன் காட்டுக்கு ஓடி, ஏழை உழவன் ஒருவனின் வீட்டருகே மறைந்து வாழ்ந்தான்.

இக்கதை மக்கள் மனத்தை விட்டு நீங்கவில்லை. கெடா அரச குடும்பத்தில் பிறந்தவரும், இளமையில் கூலிமில் மாவட்ட அலுவலகப் பணி ஆற்றியவருமான துங்கு அப்துல் ரகுமான் இதனைத் திரைக்கதையாக எழுதினார். அப்போது அவர் நாட்டின் பிரதமர். 1968ஆம் ஆண்டில் 'ராஜா பெர்சியோங்' என்னும் படமாக அது வெளிவந்தது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. புதிதாக வந்தவன் கோட்டை கட்டினான். அவன் பிள்ளைகள் அரசராயினர். முன்பே அங்கிருந்த கெர்காசிகள் யார்? அவர்கள் எங்கே போனார்கள்?

மறைந்து வாழும் குடிகள்

கிராமப்புறத்திலே மந்திரக் குடிகள் மறைந்து வாழ்கின்றன என்னும் எண்ணம் கெடாவுக்கு மட்டும் உரியதன்று. 1997 முதல் 2007 வரை ஏழு பாகங்களாக வெளிவந்து உலகெங்கும் சிறுவர்களைக் கவர்ந்த ரோலிங் அம்மையாரின் ஹாரி பாட்டர் கதைகளை இன்றைய மாணவர் பலர் அறிவர். அக்கதைகளின்படி 1689ஆம் ஆண்டிலே மந்திரவாதிகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைந்தனர். பின்பு அவர்கள் குடும்பம் குடும்பமாகச் சில சிற்றூர்களில் ஒதுங்கினர். அவ்வூர்களுள் முதன்மையானவை இங்கிலாந்தின் மேற்குப் புறத்தில், டெவன், கார்ன்வால் முதலிய பகுதிகளில் உள்ளனவாகக் காட்டப்படுகின்றன. ஓட்டரி செயிண்ட் மேரி என்னும் உண்மையான டெவன் ஊரை நினைவூட்டும் பெயரோடு ஓர் ஊரும் அக்கதையில் வருகிறது.

கதையில் அவர்கள் நல்ல வீடும் தோட்டமும் உடையவர்கள், வேண்டும்போது பறப்பார்கள். உண்மை வரலாற்றில் டெவனில் மந்திரக்காரர் என்று பெயர் பெற்றவர் நிலை வேறு. 1682ஆம் ஆண்டு பைடிபோர்டு என்னும் டெவன் துறைமுக ஊரிலே டெம்பரன்ஸ் லாய்டு, சூசன்னா எட்வர்ட்ஸ், மேரி டிரெம்பிள்ஸ் என்னும் மூன்று பெண்கள் பிடிக்கப்பட்டனர். மூவரும் ஏழைகள், அயலாரிடம் இரந்து உண்டவர்கள். நோயுற்ற பெண் ஒருத்தியின் சன்னலருகே பறவை ஒன்று சிறகடித்தது என்பதும் அவர்களுக்கு எதிரான சாட்சியங்களுள் ஒன்று! அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் எக்சிட்டர் நகரில் மூவரையும் தூக்கிலிட்டனர். கதை கூறும் உடன்படிக்கைக்கு ஏழே ஆண்டு முன்னர் நடந்தது இது. கற்பனை மந்திரக்காரருக்கு மறைய இடம் கிடைத்தது. இப்பெண்களுக்கோ மறைய இடமும் இல்லை, மந்திரமும் இல்லை.

இலங்கையும் நாகர் மலையும்

தமிழர்க்கு அண்மையான இலங்கையில் இதே கதை வேறோர் உருவில் வழங்குகிறது. மகாவமிசத்தின்படி விசயன் இலங்கையில் இறங்கியபோது அந்நாட்டில் இயக்கர்கள் வாழ்ந்தனர். குவேனி என்னும் இயக்கி அவனுக்கு மனைவியானாள். அவள் உதவியாலேயே இயக்கர்களை வென்று அவன் நாட்டைக் கைக்கொண்டான். பின்பு பாண்டிய நாட்டிலிருந்து அரசகுலப் பெண் வரவிருந்தபோது, குவேனியை அகற்றிவிட்டான். தன் இனத்தாரிடமே சென்ற குவேனி அவர்கள் கையால் மடிந்தாள். அவளுடைய மகனும் மகளும் சிவனொளிபாத மலைப்பக்கம் ஓடிக் காட்டில் மறைந்து வாழ்ந்தனர் என்றும், அவர்கள் வழியில் வந்தவரே புளிந்தர் என்றும் அந்நூல் கூறுகிறது. புளிந்தரைப் பிற்கால ஆய்வாளர் இலங்கை வேடரோடு இணைத்துப் பேசினர்.

கெடாக் கதையையும் இலங்கைக் கதையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றும். கடல் கடந்து ஒருவன் வருகிறான். முன்பிருந்தவர் மனிதரல்லர், அரக்கர் அல்லது இயக்கர் என்று நூல் சொல்லுகிறது. வந்தவன் மரபு அவர்களோடு மணவுறவு கொள்கிறது. முடிவில் அக்குருதி காட்டுக்குத் துரத்தப்படுகிறது. முன்பிருந்தவர் மனிதரே என்று எழுதினால், நாடு யாருடையது என்ற கேள்வி எழுமன்றோ? அவர்களைப் பூதமென்று எழுதிவிட்டால் அக்கேள்வி எழாது.

தமிழில் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலை இதற்கு மாறான ஒரு காட்சியைத் தருகிறது. ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றிக் கொண்டு நாகர் வாழும் மலைப்பக்கம் ஒதுங்குகிறான். அவர்கள் ஆடையில்லாதவர், மனிதரைத் தின்பவர். உறங்கிக் கிடந்த அவனை உணவென்று கருதி எழுப்புகின்றனர். ஆனால் சாதுவன் அவர்கள் மொழியை அறிந்தவன். அவர்கள் மொழியிலேயே அவன் பேசியதும் அவர்கள் வியந்து வணங்கித் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். தலைவன் மனைவியோடு இருக்கக் காண்கிறான் சாதுவன். பேச்சு வளர்கிறது, அறம் பிறக்கிறது. இறுதியில் நாகர் தலைவன் அகிலும் சந்தனமும் துகிலும் கொடுத்து அவனை வழியனுப்புகிறான்.

இங்கே கருதத்தக்கது ஒன்று. சாதுவன் கையில் வாளில்லை, மந்திரமும் இல்லை. அயலார் மொழி ஒன்றே அவனைக் காத்தது. அவன் அதனை அறியாதிருந்தால் நாகர் கதையும் கெர்காசிக் கதையைப் போலவே அச்சத்தில் தொடங்கி அச்சத்திலேயே முடிந்திருக்கும்.

மந்திரம் எப்போதும் அடுத்த வீட்டில்

மனிதவியலின் தந்தையருள் ஒருவர் என்று போற்றப்படும் டைலர் என்னும் ஆங்கில அறிஞர் 1871ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தொல்குடிப் பண்பாடு' பற்றிய தம் நூலில் ஓர் உண்மையைச் சுட்டிக் காட்டினார். நாகரிகத்தில் உயர்ந்தவரென்று தம்மைக் கருதும் மக்கள், தாழ்ந்தவரென்று தாம் கருதும் அண்டைக் குடியினரிடமே மந்திர ஆற்றல் மிகுதி என்று நம்புகின்றனர் என்பதே அது. ஸ்காண்டிநேவிய மக்கள் வடக்கேயுள்ள பின்னியரையும் லாப்பியரையும் அவ்வாறு அஞ்சினர். டைலர் காட்டிய சான்றுகளுள் ஒன்று மலாயாவைப் பற்றியது. மலாய்க்காரர் காட்டில் வாழும் ஜக்கூன் மக்களை இகழ்கின்றனர். அதே வேளையில் அவர்களுடைய போயாங் என்னும் மந்திரவாதிகளைக் கண்டு நடுங்குகின்றனர் என்று அவர் எழுதினார்.

1900ஆம் ஆண்டில் 'மலாய் மந்திரம்' என்னும் பெருநூலை வெளியிட்ட ஸ்கீட் முதலியோர் பதிவு செய்த செய்திகளும் இதற்கு அரணாகின்றன. சுமத்திராவின் கெரிஞ்சிப் பகுதியிலிருந்து வந்த வணிகர் இரவிலே புலியாக மாறுவர் என்று மலாயாச் சிற்றூர்களில் அஞ்சினர். கெரிஞ்சியார் அயலூரார் என்பதே அவர்கள் மேல் அந்த ஐயம் விழக் காரணம்.

தோட்டப்புறத் தமிழரும் இதற்கு விலக்கல்லர். கெடாத் தோட்டங்களில் 'சயாம் மந்திரம்' என்றால் குரல் தாழ்த்திப் பேசுவது வழக்கம். தமிழகத்திலே 'மலையாள மாந்திரீகம்' என்பர். தம் ஊர்ப் பூசாரியின் விபூதிக்குத் தீராத நோயை அயல்நாட்டான் கயிறு தீர்க்கும் என்று நம்புவர். தீராத பகையை அவனே மூட்டியிருப்பான் என்றும் நம்புவர். மருந்தும் அவனிடம், நஞ்சும் அவனிடம்!

ஒரு காலத்தில் இவ்வாறு வியந்து அஞ்சப்பட்டவர்களுள் இந்திய நாட்டாரும் இருந்திருத்தல் வேண்டும். மலாய்ப் போமோக்கள் ஓதும் சொல்லுக்கு 'மந்த்ரா' என்றே பெயர். ஆற்றலுக்கு 'சக்தி' என்று பெயர். பழைய ஓதல்கள் சிலவற்றில் 'ஓம்' என்னும் ஒலியும், பட்டார குரு என்று சிவபெருமானைக் குறிக்கும் பெயரும் வருவதை வின்ஸ்டெட் 1925ஆம் ஆண்டில் எழுதிய நூலில் விளக்கியுள்ளார். கடல் கடந்து கடாரத்துக்கு வந்த இந்தியனின் வழிபாட்டு மொழி, பொருள் விளங்காத காரணத்தாலேயே இங்கு மந்திர மொழியாயிற்று எனலாம்.

இத்தகைய அச்சம் வெறும் வேடிக்கையாக நின்றுவிடுவதில்லை. நீலகிரி மலையில் காட்டுச் சரிவுகளில் வாழும் குறும்பர்களைப் படகர்கள் பெரும் மந்திரவாதிகள் என்று அஞ்சினர். தம் ஊரைக் காக்கக் குறும்பன் ஒருவனுக்கு ஆண்டுதோறும் தானியம் அளந்தனர். உழவு தொடங்கும்போதும் குறும்பனின் சடங்கை வேண்டினர். அதே மக்கள், ஊரில் நோயும் சாவும் மிகுந்தபோது, குறும்பரின் சூனியமே காரணம் என்று கருதி அவர்களைக் கொன்றனர். 1835, 1875, 1882 ஆகிய ஆண்டுகளில் இத்தகைய கொலைகள் நடந்தன. 1900ஆம் ஆண்டிலே, மருத்துவன் என்று பெயர் பெற்ற ஒரு குறும்பனின் குடும்பம் முழுவதுமே கொல்லப்பட்டது. காட்டில் ஒதுங்கி வாழ்ந்த அந்த மந்திரக் குடும்பத்தைக் காக்க எந்த மந்திரமும் வரவில்லை.

மண்ணுக்குள் இருந்த கடாரம்

இனி மீண்டும் கெடாவுக்கு வருவோம். கெர்காசிகள் யார் என்ற கேள்விக்கு விடை தேடுமுன், மண் சொல்லும் செய்தியைக் கேட்டல் நலம். தென் கெடாச் சமவெளியின் பல இடங்களிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் ஜெராய் மலை தெரியும். 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் அடியிலேதான் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் தம் துணைவியாருடன் அங்கே அகழ்ந்து பல கோயில் அடித்தளங்களை வெளிக்கொணர்ந்தார். புக்கிட் பத்து பகாட்டிலுள்ள கோயிலின் கற்கள் ஒழுங்குபடுத்தப்பட்டு 1960ஆம் ஆண்டில் அது மீண்டும் நிறுத்தப்பட்டது. 2009ஆம் ஆண்டு முதல் சுங்கை பத்துவில் நடந்த அகழ்வில் பழங்காலத்து இரும்புருக்கு உலைகளின் எச்சங்கள் மிகுதியாகக் கிடைத்தன. பட்டினப்பாலை கூறும் காழகம் இந்நாடே என்று நச்சினார்க்கினியர் உரை கண்டார். இராசேந்திர சோழனின் கப்பற்படை 1025ஆம் ஆண்டையொட்டி வந்து வென்ற கடாரமும் இதுவே என்பது அறிஞர் பலர் துணிபு.

இத்துணை அகழ்விலும் அரக்கர் எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தவை உலைகளும் செங்கல்லும் மணிகளும் பானை ஓடுகளுமே. இத்துறைமுகத்துக்கு வணிகர் எதைத் தேடி வந்தனர்? அகில், குங்கிலியம், பிரம்பு, கற்பூரம், தேன்மெழுகு முதலிய காடுபடு பொருள்களும் அவர்கள் தேடி வந்தவற்றுள் அடங்கும். இப்பொருள்கள் கடற்கரையில் விளைவன அல்ல. அடர்ந்த காட்டினுள்ளே, எம்மரத்தில் அகிற்கட்டை வைரம் பாய்ந்திருக்கும் என்று அறிந்தவரே அதனைக் கொண்டுவர முடியும். அவ்வறிவு உடையவர் காட்டுக் குடிகளே. கடாரத்துச் செல்வத்தின் ஒரு பங்கு அவர்கள் முதுகில் ஏறி வந்தது என்றால் மிகையாகாது.

அந்த அறிவே அயலாருக்கு மந்திரமாகத் தோன்றியது. ஜொகூரில் கற்பூரம் எடுக்கச் செல்லும் ஜக்கூன் மக்கள், வேலை முடியும் வரை அன்றாடச் சொற்களை விட்டுத் தனிச்சொற்களையே பேசுவர் என்பதை ஸ்கீட்டும் பிளாக்டனும் 1906ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் காணலாம். மற்றச் சொற்களைப் பேசினால் கற்பூரம் கிட்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. மற்றவர் அறியாத மரம், மற்றவர் அறியாத வழி, மற்றவர் அறியாத சொல். இம்மூன்றும் கூடினால் மந்திரக் குடி என்று பெயர் வருவதற்கு வேறென்ன வேண்டும்?

லூபோக் லெகோங்

கோரைப்பல் கதை வழங்கும் அதே பாலிங் மாவட்டத்தில் லூபோக் லெகோங் என்னும் சிற்றூர் இருக்கிறது. கெடாவில் உள்ள ஒரே ஓராங் அஸ்லி கிராமம் அதுவே. 'ஓராங் அஸ்லி' என்றால் முதற்குடி மக்கள் என்று பொருள். அங்கு வாழ்வோர் கென்சியூ என்னும் இனத்தார். சில நூறு பேரே உள்ளனர். எல்லைக்கு அப்பால் தாய்லாந்திலும் இவ்வினத்தார் சிறு தொகையினர் உண்டு. பருத்த உடலும் நீண்ட பல்லும் உடைய கெர்காசிகளைத் தேடிச் செல்வோர் அங்கு ஏமாந்து போவர். கென்சியூக்கள் பொதுவாகக் குள்ளமானவர், சுருண்ட முடியினர். அவர்கள் மொழி கம்போடியரின் கெமெர் மொழிக்கும், பர்மாவின் மோன் மொழிக்கும் இனமானது. இன்னும் எட்டிப் பார்த்தால் நிக்கோபார்த் தீவு மொழிகளுக்கும், வடஇந்தியச் சந்தால் மக்களின் மொழிக்கும் உறவானது.

கெர்காசி என்று ஹிகாயாட் குறிப்பது கென்சியூவையே என்று துணிந்து சொல்லிவிட முடியாது. ஆனால் வந்தேறிய அரச மரபு, தனக்கு முன் கெடாவில் வாழ்ந்த குடிகளை அப்பெயரால் நினைவுகூர்ந்தது என்று கருத இடமுண்டு. அவ்வாறாயின் கெர்காசிகள் மறைந்துவிடவில்லை. அவர்கள் உறவினரின் பேரப்பிள்ளைகள் அதே மாவட்டத்தில் பள்ளிக்குச் செல்கின்றனர்.

அவர்கள் ஏன் காட்டுக்குள் ஒதுங்கினர் என்பதற்கும் வரலாறு விடை கூறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் தீபகற்பத்தின் காட்டுக் குடிகளைத் தாக்கி, பெண்களையும் குழந்தைகளையும் பிடித்து அடிமைகளாக விற்ற கூட்டத்தார் இருந்தனர். அன்னியர் காலடி ஓசை கேட்டால் அடுப்பில் எரியும் தீயையும் விட்டுவிட்டு ஓடி மறைவது அவர்கள் கற்ற பாடமாயிற்று. வந்தவர் கண்டது அணையாத தீ, ஆள் இல்லை. மாயமாய் மறைந்தனர் என்று ஊரிலே போய்ச் சொன்னால் யார் மறுப்பார்? அந்த மறைவு அச்சத்தால் வந்தது. மந்திரம் என்று பெயரிட்டவர் துரத்தியவரே.

கென்சியூவும் அவர்களைச் சார்ந்த செமாங் இனத்தாரும் பண்டு செய்துவந்த ஒரு சடங்கை ஸ்கீட்டும், பின்பு 1924ஆம் ஆண்டையொட்டி அவர்களிடையே சென்ற ஷெபெஸ்டா என்னும் பாதிரியாரும் எழுதியுள்ளனர். விலங்குகளைக் கேலி செய்து சிரித்தல் முதலியன அவர்களுக்குப் பெருங்குற்றம். இடியும் மின்னலும் மிகுந்தால் தம்முள் யாரோ அக்குற்றம் செய்துவிட்டனர் என்று கருதுவர். உடனே குற்றமுடையவர் தம் கெண்டைக்காலைக் கத்தியால் சிறிது கீறி, சில துளிக் குருதியை மூங்கிற் குழாயிலுள்ள நீரில் கலந்து வானை நோக்கி வீசுவர். இடித் தெய்வத்திடம் பிழை பொறுக்க வேண்டுவர்.

அதனைத் தொலைவில் நின்று கண்ட அயலார் என்ன நினைத்திருப்பர்? குருதி கொண்டு புயலை ஏவுகிறார்கள் என்று நினைத்திருக்கக் கூடும். உண்மையோ அதற்கு நேர் எதிர். அரண்மனைக் கதையில் வரும் அரசன் தன் சுவைக்காகப் பிறர் குருதியைக் குடித்தான். காட்டிலே வாழ்ந்த எளியவர் தம் பிழைக்காகத் தம் குருதியைக் கொடுத்தனர். இவ்விருவருள் கோரைப்பல் யாருக்குப் பொருந்தும் என்பதை அறிவுடையோர் எண்ணிப் பார்க்கட்டும்.

தோட்டம் வந்த பின்னர்

1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் கெடாவின் மேலாண்மை சயாமிடமிருந்து பிரிட்டிஷாரிடம் வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் காடுகள் அழிந்து பால்மரத் தோட்டங்கள் பரவின. தென் கெடாவின் காட்டை வெட்டித் திருத்திய கைகளுள் தமிழ்க் கைகளும் பல. காடு குறைந்த அளவுக்குக் காட்டையே நம்பி வாழ்ந்தவரின் இடமும் குறைந்தது. தமிழ்த் தொழிலாளி இதனை விரும்பிச் செய்தவனல்லன். அவனே கடன்பட்டுக் கப்பலேறி வந்தவன். ஆயினும் அவன் லயம் கட்டிய இடம், அதற்கு முன் மற்றொருவர் கிழங்கு தோண்டிய இடமாக இருந்திருக்கக் கூடும் என்பதை மறுக்க முடியாது.

தோட்ட மக்களுக்கும் பின்னர் அதே நிலை நேர்ந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாயின. லயங்கள் வெறுமையாயின. பல இடங்களில் முனியாண்டிக்கு நட்ட சூலமும் அரசமரத்தடிக் கல்லும் மட்டும் எஞ்சின. அவ்வழியே செல்லும் அயலார் குழந்தைகளுக்கு அந்தச் சூலம் எப்படித் தோன்றும்? அங்கே ஒரு காலத்தில் மந்திரக்காரர் வாழ்ந்தனர் என்று யாரேனும் கதை சொல்லாமல் இருப்பார்களா? ஒரு குடியின் வரலாற்றை எழுதிவைப்பார் இல்லையேல், கதை அவ்விடத்தை நிரப்பிவிடும். கெர்காசிகளுக்கு நேர்ந்தது அதுவே.

ஆகவே இக்கதைகளைப் பொய்யென்று தள்ளிவிடுதல் தகாது; மெய்யென்று நம்பி அஞ்சுதலும் தகாது. பூதமென்று ஒரு கதை சொல்லும் இடத்திலெல்லாம், அங்கே மனிதர் இருந்தனர் என்று குறித்துக் கொள்ளுதல் வேண்டும். பின்பு அவர்கள் மொழி யாது, தொழில் யாது, அவர்களை அஞ்சியவர் யார், அவ்வச்சத்தால் பயன் பெற்றவர் யார் என்று வினவ வேண்டும். லூபோக் லெகோங் சிறுவர்கள் தம் தாய்மொழியை மறவாதிருக்கும் வரை அக்கேள்விகளுக்கு விடை சொல்வாரும் இருப்பர். மொழி மறைந்தால் சாதுவன் வந்தாலும் பேச ஆளிராது.

ஹிகாயாட் நூலின் ஆசிரியர் இவ்வகையில் தம் வாசகரினும் பெருந்தன்மை உடையவர் என்றே தோன்றுகிறது. கோரைப்பல் அரசன் ஓடியபின் அரியணை வெறுமையாயிற்று. புதிய அரசனைத் தேடி யானையை விட்டனர். அந்த யானை, அரசனுக்கும் ஏழை உழவனின் மகளுக்கும் காட்டோரத்திலே பிறந்த சிறுவனை முதுகில் ஏற்றி வந்தது. அச்சிறுவனே கெடாவின் அடுத்த அரசன். கெர்காசிக் குருதியை மறைக்க விரும்பியிருந்தால் அந்நூல் வேறொரு நாட்டு இளவரசனை அழைத்து வந்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. காட்டின் குருதியும் உழவன் குருதியும் கலந்த பிள்ளையையே அரியணையில் ஏற்றியது. அரக்கரென்று அஞ்சப்பட்டவரும் இந்நாட்டின் முன்னோரே என்பதை அக்கதை அன்றே ஒப்புக்கொண்டது.